வர்ற வழிதானே!

அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டதுமே நம் மாமாவுக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். "பசங்கள வண்டலூர் ஜூவுக்கு இட்டுனு போலாம். வேன் பேசிட்டேன். தலைக்கு ஐந்நூறு எடு."

திருமுக்கூடலில் விடியற்காலை வண்டி ஏறினால் வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழியாக வண்டலூரில் கேட் திறக்கிற நேரத்துக்கு நிற்கலாம். மாமா வண்டியில் இல்லாதவரைக்கும்.

பாலாற்றுப் பாலம் தாண்டியதும் டிரைவர் தோளில் ஒரு தட்டு. "தோ, பழையசீவரம். மலைமேல நரசிம்மர் இருக்க, சேவிக்காமப் போனா நல்லாவா இருக்கும்? வர்ற வழிதானே, ஒரு எட்டு." ஏறி இறங்கினால் வெயில் ஏறிவிடும். வாலாஜாபாத்தில் டீ. அடுத்து, "தென்னேரி ரொம்பிடுச்சாம், கலங்கல்ல தண்ணி போவுதாம். வர்ற வழிதானே!" பசங்கள் டவுசரோடு இறங்குவார்கள், துவட்டத் துண்டு எந்தப் பைக்குள் இருக்கிறது என்பது அத்தைக்கே தெரியாது.

தண்ணீர் பார்க்கத்தான் ஆசையென்றால் எங்கள் ஊரிலேயே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. சொன்னால், "அது இங்கதான இருக்கு, எங்க ஓடிடப் போவுது" என்பார். ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டிலேயே இங்கே 15 படுக்கையோடு ஆஸ்பத்திரி நடந்திருக்கிறது. வைத்தியர், அறுவை செய்கிறவர், இருப்பில் இருந்த மருந்துகள் என எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மாமா பசங்களுக்கு ஒருநாளும் காட்டியதில்லை. அது எந்த ஊருக்கும் வழியில் இல்லையே!

படப்பை வந்தால் உச்சகட்டம். "நம்ம பெரியம்மா நாத்தனார் பொண்ணு இங்கதான் குடுத்திருக்கு." முன்தகவல் கிடையாது. ஒரு வேன் ஜனம் வாசலில் இறங்கும். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு "வாங்க வாங்க" என்று பாயை விரித்தபடியே, கையைப் பின்னால் நீட்டிப் பையன் உள்ளங்கையில் நூறு ரூபாயைத் திணிப்பாள். அவன் புழக்கடை வழியாகப் பால் பாக்கெட்டுக்கு ஓடுவது ஜன்னலில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கு மட்டும் தெரியாது. அவர் "காபியெல்லாம் எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டு, சம்மணம் போட்டு வசதியாக உட்காருவார்.

வண்டலூர் கேட்டைத் தொடும்போது மணி மூன்றரை. 602 ஹெக்டேர் பூங்கா. எங்களுக்கு வாய்த்தது குரங்கும், வெள்ளைப்புலியின் முதுகும். "வெளியே வாங்க, வெளியே வாங்க" என்று விசில் ஊதிய காவலாளியின் முகம்தான் பசங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வேடிக்கை இருக்கட்டும். மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறியவர்கள் பெண்கள். அந்தத் தூக்கைத் திறந்தபோது வேர்க்கடலை நமுத்து, தயிர்சாதம் புளித்திருந்தது. நிறுத்திய இடங்களில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு உண்டா என்று மாமா கேட்டதே இல்லை. எங்கள் அத்தை பயண நாளில் தண்ணீரே குடிக்க மாட்டாள். அதை "அவளுக்குத் தாகமே எடுக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனுஷனை என்ன செய்வது?

ஆனால் வேடந்தாங்கலில் மட்டும் மாமாவின் ஜாதகம் பலிக்கும். இரை தேடப் போன பறவைகள் ஏரிக்குத் திரும்புவது சாயங்காலம்தானே. நேரத்துக்கு வந்தவர்கள் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்ப, நாங்கள் இறங்கும்போது நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கடைக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, "பாத்தியா, மாமா கணக்கு" என்பார். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வரும் காணும் பொங்கலுக்கும் வேடந்தாங்கல்தான். சாலவாக்கம் வழியாகத் தெற்கே போகிற வண்டியை மேற்கே திருப்பி, "உத்திரமேரூர் வர்ற வழிதானே, குடவோலைக் கல்வெட்டைப் பாத்துடலாம்" என்று இப்போதே சொல்லிவிட்டார். இந்த முறை நான் மறுக்கவில்லை. பராந்தக சோழன் காலத்தில், 921இல் வெட்டிய அந்தக் கல்லில், வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது என்றிருக்கிறது. தலைக்கு ஐந்நூறு வாங்கிய மாமா இன்றுவரை கணக்குக் காட்டியதில்லை. அங்கேயே வைத்துப் பதவியைப் பறித்துவிடலாம் என்றிருந்தேன்.

மேற்கொண்டு படித்தால், கணக்குக் காட்டாதவனின் மகன், மாப்பிள்ளை, மைத்துனன், அக்கா தங்கை பிள்ளைகள் யாரும் நிற்க முடியாதாம். வேனில் வருகிற அத்தனை பேருக்கும் தகுதி போய்விட்டது. வேன் பேச மறுபடியும் மாமாதான்.