வாய் செத்த மருமவனுக்கு மாமன் சொன்னது

ஏ மருமவனே, போனைக் கீழ வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். "வணக்கம் நண்பர்களே"ன்னு தொடங்குன. அதுக்குப் பிறவு உன் மூஞ்சியில ஒரு முழி இருந்துச்சு பாரு, கருப்பட்டி விக்க வந்தவன் முழி இல்லடே அது, கருப்பட்டியைத் திருடி மாட்டிக்கிட்டவன் முழி. உங்க அத்தை பார்த்துட்டு, "புள்ளைக்கு வயித்துவலி போல, ஓமத்தண்ணி குடுங்க"ங்கா.

ஏதோ வகுப்புக்குப் போனியாம். தினம் மூணு ரீல் போடணும், சிரிச்சுக்கிட்டே பேசணும்னு சொல்லி அனுப்பிட்டானாம். அவனுக்கு என்ன, அவன் விக்கிறது பேச்சு. நீ விக்கிறது உடன்குடிக் கருப்பட்டி. 2023-ல புவிசார் குறியீடே குடுத்துட்டாவ. சரக்குக்கு உள்ள பேரு போதாதுன்னு நீ வேற இடுப்பை ஆட்டணுமாக்கும்!

அதுக்காக, "பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு மாமா"ன்னு மூலையில முடங்கிராத. பூ வாசம் தெருமுனை வரைக்கும் வரும். டப்பாவுல அடைச்ச கருப்பட்டி வாசம் சென்னைக்காரன் போனுல வருமா? பேச வராதவன் எழுதி வைக்கணும்டே.

நீ என்ன எழுதி வச்சிருக்க? "விலைக்கு இன்பாக்ஸுக்கு வாங்க." அட கோட்டிக்காரா! மனுசங்கிட்டப் பேசவே நடுங்குதவன், ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரையும் விலை கேக்க நீயே கூப்பிடுதியே! கிலோ என்ன விலை, கூரியருக்கு எவ்வளவு, எத்தனை நாள்ல வரும், உடைஞ்சு வந்தா என்ன செய்வ, நாலையும் எழுதிப் போட்டுரு. கட்டுபடியாகாதவன் சத்தமில்லாம ஒதுங்கிருவான். மிச்சம் வாறவன் வாங்கத்தான் வாறான். அவங்கிட்ட "சரிங்க, அனுப்பிருதேன்"னு சொல்லவாவது வாய் இருக்குல்லா?

வாட்ஸ்அப் பிசினஸ்னு ஒண்ணு 2018-ல வந்துச்சு. சும்மாதான் குடுக்கான். அதுல கேட்லாக்குல 500 சரக்கு வரைக்கும் போடலாமாம். உன்கிட்ட இருக்கிறது கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, பனங்கற்கண்டு, மூணே மூணு. அதுல குயிக் ரிப்ளைன்னு ஒரு வசதி இருக்கு பாரு, அது வாய் செத்தவனுக்குன்னே செஞ்சது. சனங்க கேக்கிறது எப்பவும் அதே அஞ்சாறு கேள்விதான். "மழைக்காலத்துல கசியுதே, கெட்டுப் போச்சா?"ம்பாவ. "கெடல, ஈரத்தை இழுக்கிறது அதோட குணம், காத்துப் புகாத டப்பாவுல வையுங்க"ன்னு ஒரு தடவை நிதானமா எழுதி வச்சிரு. பிறவு ஒரு சாய்கோட்டைத் தட்டி எடுத்து விட்டாப் போதும். ராத்திரி பதினோரு மணிக்கு எவனாவது கேட்டா, "காலையில சொல்லுதேன்"னு அந்த ஆப்பே தானாச் சொல்லிக்கிடுத மாதிரியும் வச்சுக்கிடலாம். பொண்ணு பார்க்கப் போன வீட்டுல உனக்கு இப்படி ஒண்ணு இருந்திருக்கணும், சரி, அதை விடு.

ஒரே சேதியைப் பல பேருக்கு அனுப்ப அதுலயே பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கு. ஒரு பட்டியல்ல 256 பேரு வரைதான் சேர்க்கலாம். அதுலயும் உன் நம்பரைத் தன் போனுல பதிஞ்சு வச்சிருக்கிறவனுக்குத்தான் போய்ச் சேரும். வகுப்புக்காரன் இதைக் குறைம்பான். எனக்கு இதுதான் மருவாதின்னு படுது. வேணும்னு உன் பேரை எழுதி வச்சவனுக்கு மட்டும் மாசத்துல ஒண்ணு, ரெண்டு சொல்லு. தினம் காலையில குட்மார்னிங்னு ரோசாப்பூ அனுப்புனேன்னு வையி, உன்னை மொதல்ல பிளாக் பண்ணுறவன் நானாத்தான் இருப்பேன்.

என்னத்தைச் சொல்லன்னு கேக்கியா? மூஞ்சியைக் காட்ட வெக்கமா இருந்தா கையைக் காட்டு. கருப்பட்டி காய்ச்சுத விடிலியில பதனி கொதிச்சுத் திரண்டு கூப்பனியா வரும், உங்க சித்தி அகப்பையால கிண்டிச் சிரட்டையில ஊத்துவாள்லா, அதை எடு. நீ மூச்சு விட வேண்டாம், அந்தக் கொப்புளம் உடையுற சத்தம் போதும். ஒரு வட்டை உடைச்சு உள்பக்கத்தையும் காட்டு. சீனி கலந்த கருப்பட்டி பளபளன்னு மின்னும், கலக்காதது மங்கிக் கிடக்கும். பிறவு உண்மையைச் சொல்லு. "இந்த ஈட்டுக்கு அடுப்பு கூடிருச்சு, கொஞ்சம் கருத்துப் போச்சு, கிலோவுக்கு 20 ரூபா குறைச்சுத் தாரேன்"னு எழுதிப் பாரு. ரீல்ல ஆடுறவன் எவனும் இப்படிச் சொல்ல மாட்டான். படிக்கிறவன் உன்னை மறக்கவும் மாட்டான்.

கூகுள் மேப்புல கடையைப் பதிஞ்சு வையி, அதுக்கும் காசு கிடையாது. வாங்குனவங்க ரெண்டு வரி எழுதட்டும். கூட ஒரு வட்டு வச்சு அஞ்சு நட்சத்திரம் வாங்கிரலாம்னு மட்டும் பார்க்காத. பரிசு குடுத்து வாங்குற ரிவ்யூவைக் கூகுள் ஒத்துக்கிடாது. எவனாவது திட்டி எழுதுனாலும் பயப்படாத. நேர்ல திட்டுனா உனக்கு நாக்கு ஒட்டிக்கிடும். இதுக்கு ஒரு நாள் யோசிச்சுப் பதில் எழுதலாம்லா.

இதைச் செஞ்சா நாளைக்கே கொட்டும்னு நான் சொல்ல மாட்டேன், அதைச் சொல்லத்தான் வகுப்புக்காரன் இருக்கானே. மெதுவாத்தான் வரும். பார்சல் தொலைஞ்சா மட்டும் எழுதிக்கிட்டு இருக்காத, போனை எடுத்துப் பேசிரு. அதுக்கு மாத்து வழி கிடையாது.

போ, அந்த "இன்பாக்ஸுக்கு வாங்க"வை அழிச்சிட்டு விலையைப் போடு. டப்பாவுல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம நம்பர் விட்டுப் போயிருக்கு, அதையும் அச்சடி. எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வையி. காசை நானாத் தர மாட்டேன். மாமன்கிட்டயாவது வாயைத் தொறந்து கேளு.