குடிசை வேணுமா, குடிசை!

நசரத்பேட்டையைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் போனால் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. பிக் பாஸ் வீடு அங்கேதான் இருக்கிறது. கோட்டை வேண்டுமா, கோயில் வேண்டுமா? பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இருந்தால் போதும், எழுப்பிவிடுவார்கள். இருளர் பழங்குடியினரின் குடிசை கேட்டாலும் எழுப்புவார்கள். சுவரில் புகைக்கறை, தார்ப்பாயில் அளவெடுத்துக் கிழித்த ஓட்டை, வாசலில் ஒரு நசுங்கிய அலுமினியக் குண்டான். அந்த ஓட்டைக்கே தனி பட்ஜெட் இருக்கும்.

செட் குடிசைக்கு ஒரு வசதி உண்டு. காலி செய்யச் சொல்லி வருவாய்த்துறை நோட்டீஸ் வராது. ஏரிக்கரையில் நிஜக் குடிசை போட்டவனுக்கு வரும். ஏனென்றால் அது நீர்நிலைப் புறம்போக்கு. அதே ஏரியைப் பார்த்தபடி பன்னிரண்டு மாடி எழும்பினால் அது 'லேக் வியூ'.

2021 நவம்பர் 2-ஆம் தேதி 'ஜெய் பீம்' வந்தது. நல்ல படம்தான். பார்த்து நானும் அழுதேன். சூர்யா இருளர் குழந்தைகளின் படிப்புக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார், அதற்கும் ஒரு கும்பிடு. ஆனால் 1993-இல் போலீஸ் பிடித்துப்போய் அடித்துக் கொன்ற, இந்தப் படக் கதைக்கு மூலமான முதனை கிராமத்து ராசாக்கண்ணு இருளர் இல்லை, குறவர். திரையில் இருளராகிவிட்டார். செத்தவருக்குச் சினிமா நொடியில் சாதிச் சான்றிதழ் மாற்றிக் கொடுக்கிறது. உயிரோடு இருக்கிற இருளர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அதே சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். "அடுத்த வாரம் வாப்பா."

சரி, படம் பார்த்த தமிழ்ச் சமூகம் எதற்குக் கொதித்தது? போலீஸ் அதிகாரி வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டருக்கு! அதில் வன்னியர் சங்கச் சின்னமான அக்னி கலசம் இருந்ததாம். வன்னியர் சங்கம் 5 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. படக்குழுவும் காலண்டரை மாற்றிவிட்டது. லாக்கப்பில் பிளந்த முதுகு யாருக்கும் வலிக்கவில்லை, ஆணியில் தொங்கிய காகிதம் வலித்தது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2011 நவம்பரில், திருக்கோவிலூர் பக்கத்து இருளர் பெண்கள் நால்வர் போலீஸ்காரர்கள் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். அதற்குச் செட் போட ஆளில்லை.

இருளர்களின் சாமியாவது தப்பித்ததா? மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். கொம்பு நட்டுப் புடவையைச் சுற்றி ராத்தங்கி, மணலில் படி கட்டிக் கன்னியம்மனை வணங்கி, விடிகாலையில் கல்யாணம், காதுகுத்து எல்லாம் நடத்துகிறார்கள். ஐயரும் இல்லை, மண்டப வாடகையும் இல்லை. நமக்கோ அது டிரோன் ஷாட். கும்பிடுகிற கிழவியின் மூக்குக்கு நேரே லென்ஸை நீட்டி, "பாட்டி, இன்னொரு தடவை கும்பிடுங்க" என்கிற பக்தி நம்முடையது. கமர்ஷியல் படமென்றால் கேட்கவே வேண்டாம். இலைப் பாவாடை, முகத்தில் வெள்ளைப் புள்ளி, தீயைச் சுற்றி 'ஜிங்கு ஜிக்கா'.

மத்திய அமெரிக்காவின் மாயா பழங்குடி மக்களுக்கும் சினிமாவில் இதே கதிதான். 2006-இல் மெல் கிப்சன் 'அபோகலிப்டோ' எடுத்து, நெஞ்சைப் பிளந்து தலையை உருட்டுகிற கூட்டமாக அவர்களை உலகத்துக்குக் காட்டினார். ஆனால் 2015-இல் குவாத்தமாலாவிலிருந்து ஜைரோ புஸ்தமாந்தேயின் 'இஷ்கானுல்' வந்தது. எரிமலை அடிவாரத்து மாயாப் பெண்ணாக மாயாப் பெண்ணே நடித்தார், தங்கள் கக்சிக்கேல் மொழியிலேயே பேசினார்கள். பெர்லினில் வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. நாம் 'ஜெய் பீம்' படத்தின் இருளர் நாயகி செங்கேணிக்குக் கேரளத்திலிருந்து ஆள் கொண்டுவந்தோம். லிஜோமோள் ஜோஸ் உயிரைக் கொடுத்து நடித்தார், அவர்மேல் குற்றமில்லை. வடநெம்மேலியில் 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கம் வைத்து, நம் உயிர் காக்கும் மருந்துக்குப் பாம்பு விஷம் எடுத்துத் தருகிற சனத்தில், கேமரா முன்னால் நிற்க ஒரு பெண் கிடைக்கமாட்டாளா என்பதுதான் கேள்வி.

அடுத்த பழங்குடிப் படத்துக்குப் பூசணிக்காய் உடைக்கப்போகிற தயாரிப்பாளரே, கன்னியம்மனைக் கும்பிடும் காட்சிக்கு அந்தக் கடற்கரைக் கிழவியையே கூப்பிடுங்கள். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பேட்டாவைக் கையில் திணித்து வேனில் ஏற்றிவிடாமல், கதாநாயகியின் அம்மாவாக நடிப்பவருக்கு என்ன சம்பளமோ அதைக் கொடுங்கள்.