மாட்டுக்கு ஏர்க்காரன் உத்தியோகம்

ஏலே, அந்த லேப்டாப்ப மூடிட்டு இப்படித் திண்ணையில வந்து இரு. பொங்கலுக்கு வந்தவன் ஒரு துண்டு கரும்புகூட கடிக்கல. காதுல ரெண்டு வெள்ளக் கொட்டையச் செருவிக்கிட்டு, சுவரப் பாத்துப் பேசிக்கிட்டே திரியுத. உங்க ஆச்சி வேப்பிலை ஒடிக்கக் கெளம்பிட்டா. நாந்தான், பயலுக்குப் பேய் புடிக்கல, பதவி புடிச்சிருக்குன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்.

டீம் லீடாம்லா? சந்தோசம். எட்டுப் பேரா உனக்குக் கீழ? எட்டும் கறக்கா? கோவப்படாத, சும்மா கேட்டேன்.

உன்னை எதுக்கு லீடாக்குனாவ? நல்லா கோடு எழுதுனேன்னுதான? நம்ம வீட்டுச் செவலக்காளையும் நல்லாத்தான் உழுதுச்சு. அதுக்காக உங்க பூட்டன் அது கால்ல மேழியக் குடுத்து, நாளையிலேர்ந்து நீதான் ஏர்க்காரன், மத்த மாட்டெல்லாம் ஓட்டுன்னா சொன்னாரு? பருத்திக்கொட்டை ஒரு படி கூட வச்சாரு, அம்புட்டுதான். உங்க சோழிங்கநல்லூர்ல என்னடான்னா நல்ல மாட்டயெல்லாம் ஏர்க்காரனாக்கிட்டு, உழ மாடு இல்லையேன்னு இன்டர்வியூ வைக்காவ. 1969லயே லாரன்ஸ் பீட்டர்னு ஒருத்தர் இத ஒரு கூட்டாளியோட சேந்து புஸ்தகமா எழுதிட்டாராமே. ஒருத்தன அவனுக்கு லாயக்கில்லாத நாற்காலி வர ஏத்திக்கிட்டே போயி, அங்கனயே உக்கார வச்சிருவாவன்னு. போன லீவுல நீதான் சொன்ன. சொல்லிட்டுச் சிரிச்ச. உன் மேனேஜர நெனச்சுச் சிரிச்ச.

போகட்டும், ஏர்க்காரன் ஆயாச்சு. கழுத்த மட்டும் ஏன் இன்னும் நுகத்தடியில வச்சிருக்க? ராத்திரி ரெண்டு மணிக்குக் கொல்லைக்குப் போக எந்திரிச்சா, நீ வெளிச்சத்தப் போட்டுத் தட்டிக்கிட்டு இருக்க. என்னலேன்னா, புதுசா சேந்த புள்ள எழுதுனது சரியில்ல, அவளுக்குச் சொல்லிக்குடுக்க நேரத்துக்கு நானே எழுதிருவேங்க. அதுக்கு ரிவ்யூன்னு ஒரு பேரு வேற. காலையில அந்தப் புள்ள வந்து பாத்தா, அவ போட்ட கோலத்த அழிச்சுட்டு யாரோ வேற கோலம் போட்டு வச்சிருக்கான். இனி அவ புள்ளி வைப்பாளா? மூணு மாசம் கழிச்சு, டீம்ல ஒருத்தருக்கும் பொறுப்பில்ல தாத்தான்னு எங்கிட்டயே வந்து அழுவ.

காலையில இன்னொண்ணு கேட்டேன். தேதி தள்ளிக்கிட்டே போவுது, உடனே ரெண்டு ரிசோர்ஸ் அனுப்புங்கன்னு போன்ல கத்துன. நான் யூரியா மூட்டையாக்கும்னு நெனச்சேன். ஆளத்தான் அப்படிச் சொல்லுதியளா! நல்லா இருங்க.

நடுகைக்கு ஆள் கூடுனா நல்லதுதான். பத்துப் பொம்பள செய்யுதத இருவது பேரு செஞ்சா மத்தியானத்துக்குள்ள கரையேறிருவாவ. நாத்த ஊனறதுக்கு ஒருத்திய ஒருத்தி கேக்கவேண்டியது ஒண்ணுமில்ல பாரு. உன் வேல நடுகையில்லலே, பாகப்பிரிவினை. எல்லாம் பேச்சுல ஓடுத வேல. நாங்க அண்ணந்தம்பி அஞ்சு பேரு சொத்துப் பிரிக்க உக்காந்தப்போ, யாரு யாருகூட பேசி முடிக்கணும்னு புளியங்கொட்டைய வச்சு எண்ணுனேன். பத்து வந்துச்சு. மறுநாள் பொண்டாட்டிமாரும் வந்து உக்காந்தாவ, பத்துப் பேராச்சு. பேச்சு இருவதுன்னு நெனைப்ப. 45லே! வெத்தலைச் செலவுலயே ஒரு மரக்கா வயல் போச்சு. ஐபிஎம்காரன் 360ங்கித கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பண்ணப்போ பிரெட் புரூக்ஸ்னு ஒருத்தர் இதே பாடுபட்டு, பிந்துன வேலையில ஆளச் சேத்தா இன்னும் பிந்தும்னு 1975ல எழுதி வச்சிருக்காராம்லா. அந்தப் புஸ்தகம் உன் அலமாரியில இருக்கு. பாலித்தீன் உறை இன்னும் கிழியல.

அனுப்புத ரெண்டு பேருக்கும் யாரு வேல சொல்லிக்குடுப்பா? ஏற்கெனவே நாக்குத் தள்ளிக் கெடக்கவன்தான.

சரி, அத விடு. நேத்து ஏதோ ப்ரொடக்‌ஷன் படுத்துக்கிச்சுன்னு, யாரு பண்ணது, யாரு பண்ணதுன்னு ஒரு மணி நேரம் கேட்டியே, அதுல என்ன எந்திரிச்சுச்சு? கிட்லேப் கம்பெனி கத சொன்னியே, ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. 2017 ஜனவரி 31. ராத்திரி நேரம், வேல பாத்து அசந்துபோன ஒருத்தன், துணைக்கு நிக்கித டேட்டாபேஸுன்னு நெனச்சு மெயினையே அழிச்சுப்புட்டான். 300 ஜிபி. கைய இழுக்குததுக்குள்ள மிச்சம் 4.5. காவலுக்குன்னு அஞ்சு விதமா ஏற்பாடு வச்சிருந்தாவளாம், ஆபத்துக்கு ஒண்ணும் எந்திரிக்கல. ஆறு மணி நேரத்துக்கு முந்தி வேற காரியத்துக்காகக் கையால எடுத்து வச்ச நகல் ஒண்ணு கெடந்துச்சு, அதுலதான் பொழச்சாவ. அந்தப் பயலக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுனாவளா? பழுது பாக்குதத யூடியூப்ல ஊரே பாக்க விட்டாவ. பேக்கப் தவறுனா வரவேண்டிய மெயில் ஏன் வந்து சேரலன்னு தேடுனாவ. நாய் குரைக்கலன்னா மொதல்ல நாய்க்கு என்னன்னு பாக்கணும்லே. நீ என்னடான்னா தூங்கி எந்திரிச்சவனையெல்லாம் திருடனான்னு கேக்க. இனிமே தப்புப் பண்ணவன் உங்கிட்ட வந்து சொல்லுவானா?

தாத்தா பெரிய யோக்கியர்னு நெனச்சுறாத. நம்ம குளத்து மடைக்கு முப்பது வருசம் நாந்தான் காவல். ஷட்டர் கம்பி கொஞ்சம் வளைஞ்சிருக்கும். எடது தோளால முட்டுக் குடுத்துக்கிட்டுத் திருகுனாத்தான் எறங்கும். அத ஒரு பயலுக்கும் சொல்லல. கேட்டா, அதெல்லாம் கைப்பழக்கம்டேன்னு மீசையத் தடவுவேன். நடுச்சாமத்துல டார்ச் லைட்டோட கூப்புட வருவாவ. ஆச்சி ஏசுவா. எனக்கு உள்ளுக்குள்ள இனிக்கும். நீ போன எடுத்துக்கிட்டு மொட்டைமாடிக்கு ஓடுத பாரு, அதே இனிப்பு.

ஒரு ஐப்பசியில, உங்க அத்த வீட்டுக் காதுகுத்துக்கு அம்பாசமுத்திரம் போயிட்டேன். பெஞ்சது பாரு மழை! நாலு பேரு சேந்து திருகியும் ஷட்டர் எறங்கல. பிசானத்துக்கு விட்ட நாத்தங்கால் அம்புட்டும் முங்கி அழுகிப்போச்சு. சேதி கேட்டு பஸ் ஏறுனேன். வருத்தப்பட்டேன்னா நெனைக்க? நான் இல்லாட்டி என்னாகும்னு இப்பத் தெரிஞ்சுதான்னு கேக்கணும், அத எந்தக் குரல்ல கேக்கணும்னு வழியெல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். எறங்குன எடத்துலயே சொல்லிட்டாவ. வெல்டிங்காரனக் கூட்டியாந்து கம்பிய நிமுத்தியாச்சு, எட்டாங்கிளாஸ் பய ஒத்தக் கையால திருகுதான், இனி நீரு ராத்திரி நிம்மதியாத் தூங்கும் வேன்னாவ.

மூணு மாசம் தூக்கம் வரல.

இந்தா, போன் அடிக்கி பாரு. எடுக்காத. யாரு, அந்தப் புதுப்புள்ளையா? அடிக்கட்டும். தோள எங்க முட்டுக் குடுக்கணும்னு நேத்தே சொல்லிக்குடுத்திருந்தா இன்னைக்கி ஏன் அடிக்கா? கெட்டிக்காரிங்கியா? அத மேனேஜர் முன்னால அவ பேரச் சொல்லிச் சொல்லு, எங்கிட்ட எதுக்குச் சொல்லுத. கைய எடுலே, கரும்பக் கடி. ரெண்டாந்தரமும் அடிக்கி. இருக்கட்டும்.

நின்னுட்டுதா? ஏதோ எழுத்து வந்திருக்கே, என்ன சொல்லுதா? தானாவே சரி பண்ணிட்டாளா!

என்னலே, மொகம் ஏன் இப்படிச் சுண்டிப் போச்சு?