முப்பத்தோராவது பெண்மணி

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உழைக்கும் ஆலைகளில் அவர்தம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கெனக் காப்பகம் வேண்டுமென்று விதித்து, பின்னர் 1976-இல் கருணை மேலிட்டு அவ்வெண்ணை முப்பதாகக் குறைத்தபோது, கணிதத்தில் அதுகாறும் விசேஷ சிரத்தை காட்டாத முதலாளிகள் சிலருக்கும் முப்பதே பரிபூரணமான எண் என்னும் ஞானோதயம் பிறந்திருக்கக்கூடும். வேலை கேட்டு வாயிலில் நிற்கும் முப்பத்தோராவது பெண்மணிக்குப் பின்னே தொட்டிலும் பாலும் ஆயாவும் அணிவகுத்து வருவது அவர்கள் கண்ணுக்கு மாத்திரம் தெரிந்திருக்கும். ஆண்கள் ஆயிரவர் இருப்பினும் அச்சட்டத்துக்குக் கவலை இருந்ததில்லை. தகப்பன்மாருக்குக் குழந்தை உண்டென்று அது கருதவில்லை போலும். 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டமோ இருபாலாரையும் சேர்த்தெண்ணி, ஐம்பது பேருக்கே காப்பகம் வேண்டுமென்றது. ஆயினும், நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று காணும் பாக்கியத்தைத் தாய்க்கு மட்டுமே வழங்கிற்று. இந்த அநீதியை எதிர்த்துக் கொடி பிடித்த தகப்பன் எவனையும் யான் கண்டதில்லை.