கட்டுரை பதனிடும் தொழில்

பச்சைத் தோலை மூன்றே நாளில் ஷூவுக்கு ஆகிற தோலாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஆம்பூரில் எந்த டேனரி மேஸ்திரியும் சிரித்துவிடுவார். உப்புத் தோலை ஊறப்போட வேண்டும், சுண்ணாம்பில் போட்டு மயிர் கழற்ற வேண்டும், சதை சீவ வேண்டும், டிரம்மில் குரோமியம் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் ‘வெட் ப்ளூ’ என்கிற நீலத் தோல் கிடைக்கும். அதற்கு மேலும் சாயம், எண்ணெய், உலர்த்தல், மெருகு என்று வேலை கிடக்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கு இந்தத் தொல்லை கிடையாது. திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வியாழக்கிழமை ‘பன்னாட்டு’ இதழில் வந்துவிடும். நடுவில் ஒரே ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட் போதும். மதிப்பீட்டாளர் குழு, பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துநர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இந்த இதழ்களின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ கட்டாயம் இருக்கும், ‘மல்டிடிசிப்ளினரி’யும் இருக்கும். முகவரியைத் தேடிப் போனால் ஏதோ ஒரு வீட்டு மாடி. உள்ளே புரட்டினால் வரிசை இப்படித்தான் போகும்: பக்கம் 1, குறுந்தொகையில் பாலைத் திணைப் பெண்கள். பக்கம் 7, கழிவுநீரிலிருந்து குரோமியத்தை உறிஞ்சும் வேப்பிலைத் தூள். பக்கம் 13, தோல் தொழிற்சாலைப் பெண்களிடையே குடும்பநல விழிப்புணர்வு. பக்கம் 19, இருபத்தோராம் நூற்றாண்டில் மேய்ப்பர் ஊழியத்தின் சவால்கள். எல்லாமே ஆறாறு பக்கம். இலக்கியம், இயற்கை அறிவியல், குடும்பநலம், இறைப்பணி நான்கையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க எந்த நல்லிணக்கக் கூட்டத்தாலும் முடிந்ததில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கட்டணத்தால் முடிந்திருக்கிறது. நான்கையும் மதிப்பிட்டுத் தேர்ந்தவரும் ஒரே அறிஞர்தான். குறுந்தொகையும் தெரியும், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரும் தெரியும், கருத்தடையில் கருத்து உண்டு, கிரேக்க விவிலியத்திலும் சந்தேகம் தீர்ப்பார். இப்படியொரு மேதை நம் நடுவில் வாழ்ந்தும் நோபல் குழுவுக்கு ஏன்தான் தகவல் போகவில்லையோ.

வேப்பிலைத் தூளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், அது நம்ம ஊர்ச் சரக்கு. குரோமியத்தை எது உறிஞ்சும் என்று தேடியவர்கள் வேப்பிலையோடு நிற்கவில்லை. புளியங்கொட்டை, வேர்க்கடலைத் தோல், தேங்காய் நார், நெல் உமி, வாழைப்பழத் தோல், மரத்தூள் என்று அடுப்படியிலும் களத்திலும் மிஞ்சுகிற எதையும் விட்டுவைக்கவில்லை. முறை மாறாது: காயவை, அரை, சலி, கூம்புக் குடுவையில் போட்டுக் குலுக்கு. முடிவும் மாறாது: தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நீங்கியது, செலவு குறைவு, தொழிற்சாலை அளவில் முயன்று பார்க்கலாம். முயன்று பார்ப்பது யார் வேலை என்று மட்டும் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. குடுவைக்குள் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்த சுத்தமான நீர், அதாவது அறுவிணைதிறக் குரோமியம். டேனரி வாசலில் ஓடுவதோ பெரும்பாலும் மூவிணைதிறக் குரோமியம். அதோடு உப்பு, கொழுப்பு, சல்ஃபைடு, மயிர். நோய் ஒருவருக்கு, ரத்தப் பரிசோதனை பக்கத்து வீட்டுக்காரருக்கு. இந்தத் துறையில் நல்ல ஆய்வே இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் மூன்று நாள் கட்டுரைகளின் கணக்கை மட்டும் நம்பினால், டேனரிக் கழிவு போய்ச் சேரும் பாலாறு எப்போதோ பன்னீர் ஆகியிருக்க வேண்டும்.

அறுவிணைதிறக் குரோமியம்தான் வேண்டுமென்றால் ராணிப்பேட்டைக்குப் போகலாம். மூடிப் பல வருடமான தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை வளாகத்தில் குரோமியக் கழிவை டன் டன்னாகக் குவித்துவிட்டுப் போனார்கள். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. ‘இன்டர்நேஷனல்’ என்ற பட்டத்துக்கு நம் வட்டாரம் உண்மையாகவே தகுதி பெற்றது அந்த ஒரு முறைதான்.

சரி, பாலாற்று விஷயத்தில் எதுதான் வேலை செய்தது? 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் இருந்த அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன் கொடுக்க வேண்டும், கெடும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று அழுத்திச் சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் வேலூரின் பெயரை மனப்பாடம் செய்வது அதனால்தான். அந்தத் தீர்ப்பில் சான்றாக ஏறியது எது? வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கு: தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ். திண்டுக்கல் பக்கம் ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களில் கிணறு கிணறாக எட்டிப் பார்த்து எழுதிய கணக்கு: 467 கிணறுகளில் 350 கெட்டவை. கிணற்றை எட்டிப் பார்த்தவருக்கு, 2010இல் கல்லூரி ஆசிரியர்களுக்கு வந்த பதவி உயர்வுக் கணக்கில் எத்தனை மதிப்பெண் விழுந்திருக்கும்? சுழி. கிணற்றுப் பக்கமே போகாமல் குடுவையைக் குலுக்கியவருக்குப் பதினைந்து.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். நிலம் போய், கிணறு போய், தென்னை காய்ந்து நின்றவருக்கு அதுதான். அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உட்கார்ந்து, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று அரசுக்கு உத்தரவு போட வேண்டி வந்தது. இடையில், 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றிலேயே மூழ்கிச் செத்தார்கள். அவர்களும் ஏதாவது ஒரு கட்டுரையின் முன்னுரையில் ஒரு வரியாக வந்திருப்பார்கள். முன்னுரை நீளமாக இருந்தால்தானே ஆறு பக்கம் நிரம்பும்.

பக்கம் 13க்கு வருவோம், குடும்பநலம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடித் தெருக்களில் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஊசியால் கையில் தைக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஜோடிக்குச் சில ரூபாய். அந்த ஷூ ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும். தைக்கிறவளுக்குப் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, விரலில் ஊசித் தழும்பு உண்டு, கழுத்துவலி உண்டு. ஆய்வாளர் வருகிறார். கையில் வினாப்பட்டியல். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம். அவள் தைத்துக்கொண்டே பதில் சொல்கிறாள், அந்த அரைமணியில் அவள் கூலி குறைந்ததுதான் மிச்சம். ஐம்பது பேர், ஒரு கை-வர்க்கச் சோதனை, ஒரு வண்ணப் படம். கடைசியில் பரிந்துரை: ‘இப்பெண்களிடையே விழிப்புணர்வு குறைவாக உள்ளது, முகாம்கள் நடத்தப்பட வேண்டும்.’ அவளுக்கா விழிப்புணர்வு இல்லை? எந்த ஏஜென்ட் ஜோடிக்கு ஐம்பது காசு பிடிக்கிறான், எந்த மாதம் ஆர்டர் சுருங்கும், எந்தத் தையலுக்கு எத்தனை நிமிடம் என்று அவளைக் கேட்டால் ஒரு முனைவர் பட்டத்துக்கு வேண்டிய தரவு அங்கேயே கொட்டும். குறைவது கூலி. கூலி குறைவு என்று எழுதினால் நிறுவனத்துக்குள் அனுமதிக் கடிதம் கிடைக்காது. விழிப்புணர்வு குறைவு என்று எழுதினால் யாருக்கும் கோபம் வராது.

பக்கம் 19இல் வந்த ஊழியத்துக்குக் கட்டுரைகூடத் தேவையில்லை, நேரடியாகப் பட்டமே கிடைக்கிறது. ஊரெங்கும் கன்வென்ஷன் போஸ்டர்களைப் பாருங்கள், ‘ரெவரெண்ட்’ ஒரு பங்கு என்றால் ‘டாக்டர்’ மூன்று பங்கு. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பது விசுவாசக் குறைவு. போதகர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு மேடை போட்டு ‘கௌரவ டாக்டர்’ பட்டங்களை வாரி வழங்கியது. நடிகர் வடிவேலு பெயரும் பட்டியலில் இருந்தது. நிகழ்ச்சி முடிந்து, படங்கள் வெளியான பிறகுதான் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டு போலீசுக்குப் போனது. வடிவேலுவுக்குப் பட்டம் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டியலில் மக்கள் உண்மையிலேயே கேட்டுப் பயன்பெற்ற ஆள் அவர்.

ஊழியமும் அச்சும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது, காகிதம் பற்றாமல் பொறையாறு பக்கத்தில் காகிதப் பட்டறையே போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அப்படி வந்ததுதான். வாசிக்கிறவனை நினைத்து அச்சிட்டவர்கள் அவர்கள். ஊழியமும் அறிவியலும் சேர்ந்ததற்கு வேலூரே சாட்சி. 1940களின் கடைசியில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்தார். பிறகு உணர்விழந்த பாதத்தில் ஏன் புண் வருகிறது என்று ஆராய்ந்து, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்புச் செய்யும் வேலையில் இறங்கினார். தோல் ஊரில் நடந்த அந்த ஆய்வு ஒரு நோயாளியின் காலில் போய் முடிந்தது. இன்றைக்கு நடந்திருந்தால் செருப்புக்கு மதிப்பெண் உண்டா என்று பதிவாளர் அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருப்பார்கள்.

இந்த மதிப்பெண் பைத்தியத்தைக் கிளப்பியது யார்? 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களுக்கு ஏபிஐ என்று ஒரு கணக்குக் கொண்டுவந்தது: மதிப்பீட்டு இதழில் ஒரு கட்டுரை, பதினைந்து புள்ளி. 2016இல் முனைவர் பட்ட மாணவருக்கும் ஒரு கட்டுரை, இரண்டு கருத்தரங்கம் கட்டாயம் என்றது. தேவை பிறந்ததும் கடை திறந்தது. 2015இல் ஷென், பியோர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் காசு-வாங்கி இதழ்களை எண்ணிப் பார்த்தார்கள். 2010இல் ஆண்டுக்கு 53,000 ஆக இருந்த கட்டுரைகள் 2014இல் 4,20,000 ஆகியிருந்தன. எழுதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர். மானியக் குழுவே அங்கீகார இதழ்கள் என்று பட்டியல் போட்டது. அதில் பல்கலைக்கழகங்கள் சிபாரிசு செய்து நுழைத்தவற்றைச் சோதித்து 88 சதவீதம் தேறாது என்று 2018இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு குழு எழுதியது. அதே ஆண்டு மே மாதம் ஒரே நாளில் 4,305 இதழ்களை நீக்கினார்கள். நீக்கிய இதழில் எழுதி வாங்கிய பதவி உயர்வை யாரும் நீக்கவில்லை.

காசு கட்டுகிறவர் யார் என்றும் பாருங்கள். அரசுக் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் பல வருடமாக நிற்கும் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் ‘எத்தனை பப்ளிகேஷன்?’ என்பதுதான் முதல் கேள்வி. கருத்தரங்கம் என்றால் பதிவுக் கட்டணம், ஆய்வுக்கோவையில் கட்டுரை வரத் தனிக் கட்டணம், இணை ஆசிரியர் பெயர் சேர்த்தால் இன்னொரு சான்றிதழுக்குக் கட்டணம். மதியம் ஆம்பூர் பிரியாணி உண்டு என்பதால் பிற்பகல் அமர்வில் ஆள் இருக்காது. நாற்பது பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் வாசித்துவிட்டுப் பஸ் பிடிப்பார்கள். தலையணை கனத்துக்கு வந்து சேரும் கோவையைத் தன் கட்டுரை இருக்கிற பக்கத்துக்கு மேல் பிரித்தவர் உண்டா? காசு கட்டும் அந்தக் கௌரவ விரிவுரையாளரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திருட்டுப் பொருளை வாங்காவிட்டால் வேலை போகும் என்று சட்டம் போட்டவர்களை விட்டுவிட்டு, வாங்கியவர் சட்டையைப் பிடிப்பதில் என்ன வீரம்?

சின்னக் கடைக்காரன் ஆயிரத்து ஐந்நூறு வாங்கினால் ‘போலி’. பெரிய கடை எப்படி? ‘நேச்சர்’ இதழில் எல்லோரும் இலவசமாய்ப் படிக்கும்படி ஒரு கட்டுரை போட 2021இல் வைத்த விலை 9,500 யூரோ, அன்றைய கணக்கில் எட்டு லட்சத்துக்கு மேல். பாலாற்றங்கரையில் எண்பது பேருக்கும் மேல் கொடுக்க வேண்டிய இழப்பீடு அது. நம் வரிப்பணத்தில் ஆய்வு, நம் ஆட்களே கூலியில்லாமல் மதிப்பீடு, அச்சானதும் அதை நாமே திரும்ப வாங்க வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது, முப்பது பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். மாணவர்கள் படிக்கட்டும், சந்தோஷம். ஆனால் அந்த 13,000இல் பாலாற்றுத் தண்ணீரைப் பற்றி வந்திருக்கும் ஒரு நல்ல கட்டுரையை ஆம்பூர் பக்கத்துத் துத்திப்பட்டில் கிணறு வைத்திருப்பவர் தமிழில் படிக்கும்படி ஒரு பக்கச் சுருக்கம் போட எந்த ஒதுக்கீட்டிலும் இடமில்லை. அவர் கிணறுதான் தரவு, அவர் வாசகர் இல்லை.

அந்த 4,305 இதழ்களை நீக்கிய பிறகு, 2019இல் மானியக் குழுவிடமிருந்து ‘கேர்’ என்று ஒரு புது இதழ்ப் பட்டியல் வந்தது. குறை நிறைய, என்றாலும் ஏதோ ஒரு வடிகட்டி. டேனரிக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாவிட்டால் பூட்டு என்று 1996இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டுரைக்கு இருந்த ஒரே சுத்திகரிப்பு நிலையத்தை 2025 பிப்ரவரியில் மானியக் குழுவே மூடிவிட்டது. எது நல்ல இதழ், எது கெட்ட இதழ் என்று இனி அந்தந்தக் கல்லூரியே குழு போட்டுத் தீர்மானித்துக்கொள்ளலாமாம். அந்தக் குழுவில் யார் யார் இருப்பார்கள் என்று கவலைப்பட வேண்டாம். அந்த மாடி வீட்டு இதழை எடுத்துப் பின்னட்டையைத் திருப்புங்கள். ‘ஆசிரியர் குழு’ என்று முப்பது பேரை, பதவியோடும் கல்லூரியோடும், ஏற்கெனவே அச்சடித்திருக்கிறார்கள்.