இனிப்பானவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்

வேலைக்கான மருத்துவப் படிவத்தில் ஒரு கட்டம்: 'சர்க்கரை நோய்: உண்டு / இல்லை'. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில் ஒரு வரி: உண்மையை மறைத்தது தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படுவீர்கள். 'உண்டு' என்று டிக் அடித்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். 'இல்லை' என்று அடித்தால், கம்பெனிக்கு ஆள்குறைப்பு தேவைப்படும் நாள்வரை உழைத்துவிட்டுப் போகலாம். ஜனநாயக நாடு, இஷ்டம் உங்களுடையது.

நம் உடம்பின் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார்களாம். அக்கறை என்றால் அடுத்த கேள்வி, 'இன்சுலின் வைக்க ஃப்ரிட்ஜில் இடம் வேண்டுமா, எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும்?' என்றல்லவா இருக்க வேண்டும்? அப்படி ஒரு படிவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்ஷூரன்ஸ் செலவு என்று இழுப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் தரும் குரூப் பாலிசிகள் எத்தனையோ உண்டு. ஆள் பிடிக்கும் விளம்பரத்தில் அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்வதும் இதே கம்பெனிகள்தான்.

ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சுகர். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், பெரியவர்களில் ஏழுக்கு ஒருவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்களா என்ன? டீ வந்ததும் "எனக்கு வித்தவுட்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் ரிப்போர்ட்டில் எச்பிஏ1சி 7.4 என்ற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுகிற மேலாளரைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. ஐம்பதில் வந்தால் அனுபவம், இருபத்திரண்டில் வந்தால் 'அன்ஃபிட்'.

டைப் 1 உள்ள பெண் ஒருத்தி நேர்காணலுக்கு வருகிறாள் என்று வையுங்கள். பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்றரைக்குக் கூப்பிடுவார்கள். அதற்குள் சுகர் இறங்கி, நெற்றி வியர்த்து, விரல் நடுங்கும். பையிலிருக்கும் குளுக்கோஸைப் பிரித்தால் மாட்டிக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வாள். தேர்வாளர் எழுதுவார்: 'தன்னம்பிக்கை போதாது'. அந்தப் பேனாவைப் பிடுங்கி உடைக்கலாமா என்று வருகிறது எனக்கு.

பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997இல் சுகர் என்று தெரிந்தது. 1999 ஜனவரியில், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த அதே மனிதர் சேப்பாக்கத்தில் திராவிட்டை போல்டாக்கினார். பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது, சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நம் எச்.ஆர்.காரர்களிடம் அன்று மெடிக்கலை விட்டிருந்தால் இந்தியா ஜெயித்திருக்கும். பிரிட்டனில் 2012 முதல், இன்சுலின் போடுகிறவர்களும் கடும் கண்காணிப்போடு பயணிகள் விமானம் ஓட்டலாம். இங்கே அவர்களை நம்பி ஒரு எக்செல் ஷீட்டைக் கொடுக்க முடியவில்லை.

அதே பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன்னால் உடல்நலத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. நமக்கும் இது தெரியாத வித்தை அல்ல. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017இல் சட்டமே போட்டிருக்கிறோம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் சுகர் இல்லை. ஆக, சட்டத்துக்கு இவர்கள் ஆரோக்கியசாலிகள், கம்பெனிக்கு நோயாளிகள்.

சொல்லலாமா, கூடாதா? கேட்காதவரை சொல்லாதீர்கள். எழுத்தில் கேட்டால் பொய் எழுதாதீர்கள், அந்தக் கையெழுத்தை வைத்தே கழுத்தைப் பிடிப்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் மட்டும், குளுக்கோஸ் எந்த டிராயரில் இருக்கிறது என்று காட்டி வையுங்கள். கொலைக் குற்றவாளிக்கு வக்கீல் சொல்லித்தரும் ஜாக்கிரதை இதெல்லாம். கணையம் வேலைநிறுத்தம் செய்ததற்கு இவ்வளவு!

நவம்பர் 14, உலக நீரிழிவு தினம் வரும். கம்பெனி வாசலில் நீல பலூன் கட்டி, 'சேர்ந்து நடப்போம்' என்று வாக்கத்தான் நடத்துவார்கள். ஒரு வேண்டுகோள்: மெடிக்கலில் கழித்துக் கட்டிய பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். டி-ஷர்ட் சைஸ் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம், மார்பளவு அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.