உப்பு ஜாடி

திருவையாற்று வீட்டுச் சமையலறையில் முழங்கை உயரத்துக்கு ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. உள்ளே கல்லுப்பு, அள்ளிப் போட ஒரு கொட்டாங்குச்சி. அம்மாவுக்குக் கைதான் அளவு. பழைய சோற்றுக்கு மோர்மிளகாய், குழம்புக்கு அப்பளம், தயிர் சோற்றுக்கு மாவடு. இத்தனைக்கும் மேல், அப்பா உட்கார்ந்தால் இலையோரத்தில் ஒரு சிட்டிகை உப்பு இருந்தாக வேண்டும்.

தாத்தாவும் அப்படித்தான் சாப்பிட்டார். ஆனால் விடியுமுன் வயலுக்குப் போனால் வெயில் சாய்ந்துதான் திரும்புவார். அப்பாவுக்கு நாற்காலி வேலை. உழைப்பு போய்விட்டது, சாப்பாடு மட்டும் அப்படியே இருந்தது. தாத்தா பக்கவாதத்தில் படுத்து இறந்தபோது "வயசாச்சு" என்றார்கள். ஒருநாள்கூட அவருக்கு யாரும் பிரஷர் பார்த்ததில்லை.

அப்பாவும் பார்த்துக்கொள்ளவில்லை. தலைவலி என்று படுத்தறியாதவர். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். 58 வயதில் ஒரு காலை, காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் 210/120. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே ரத்த அழுத்தம் ஏறும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது எனக்கு 41. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். வெவ்வேறு நாளில் பார்த்தும் 150/96. "வீட்ல யாருக்காவது பிரஷர் இருக்கா?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. அப்பா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதலாம். ஒரே ஒரு மரபணு செய்கிற வேலையல்ல அது. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. உப்பு மிஞ்சினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ரத்தத்தின் அளவு கூடி, குழாய்ச் சுவரை அழுத்துகிறது. தொப்பை, மது, நடையில்லாத நாட்கள் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

பரம்பரையாக வருவது ரத்தம் மட்டுமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதே ஜாடியும், அதே கையளவும், அதே நாற்காலியும் கூடவே வருகின்றன. ரத்தத்தை மாற்ற முடியாது. மற்றவற்றை மாற்றலாம்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன்தான், அப்பளமும் ஊறுகாயும் அதற்குள் அடக்கம். நான் தினமும் அரைமணி நேரம் நடக்கிறேன், மாத்திரையை விடுவதில்லை. ஊரில் அம்மாவுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு அப்படி ஒருவர் கதவைத் தட்டியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

போன மாதம் அப்பாவின் திதி. அவருக்குப் படைத்த இலையில் அம்மா வழக்கம்போல் ஓரத்தில் உப்பு வைத்தாள். பிறகு எனக்கும் என் மகளுக்கும் இலை போட்டாள். உப்பு எடுத்த கை பாதியில் நின்றது.

"உங்களுக்கு வேண்டாம்டா" என்று சொல்லி, விரல்களை ஜாடிக்குள்ளேயே உதறினாள்.